லுஹருக்கு முன்னும் பின்னும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பாடசாலை மண்டபத்தில் இணையப் பாதுகாப்பு பற்றி ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார்கள். எனக்கு முன்வரிசைக் கதிரை. மேடைக்கு வந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞர். ஏதோ குறுங்காலப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் எடுத்தவராம். “எந்தப் பூட்டையும் பத்து நிமிசத்துல உடைப்பன்” என்று ஒலிவாங்கியில் சொன்னார். சனம் கைதட்டியது.

கேள்வி நேரத்தில் நான் எழும்பினேன். “தம்பி, உடைக்கப் பாத்து உடையாத பூட்டு ஒண்டு செல்லுங்க பாப்பம்.”

“அப்பிடி ஒண்டும் இல்ல காக்கா” என்று அண்ணன் முறை வைத்துச் சிரித்தார்.

தேநீருக்கு நிற்காமல் வந்துவிட்டேன். உடையாத பூட்டைக் காணாதவன் பூட்டையே தொடாதவன். ஆனால் கூட்டத்தை நடத்தியவர்கள் விடவில்லை. கூட்டத்தின் நினைவாக மலர் போடுகிறார்களாம், என் அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம். சரி, எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் எரியும். அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவன். கல்முனையில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் வேலை பழகி, பிறகு சொந்தக் கடை போட்டு, ரேடியோ, தொலைக்காட்சி, மீன்பிடிப் படகின் வயர்லெஸ் எல்லாவற்றையும் திறந்து மூடினேன். அந்தக் காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினிப் பீடத்துக்கு, ஈயம் பற்றவைக்கக் கை நடுங்காத ஆள் ஒருவர் தேவைப்பட்டார். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். வேறு ஆள் கிடைக்கவில்லை என்று என்னை எடுத்தார்கள். நான் கிடைத்ததால் அவர்கள் பிழைத்தார்கள். ஓய்வு பெறும்வரை குறியாக்க ஆய்வுகூடத்தின் சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, என் இடுப்பில்தான் கிடந்தது. எத்தனையோ கலாநிதிகள் வந்து போனார்கள். அதில் பாதிப்பேருக்குத் தங்கள் கணினியின் மின்செருகி எந்தத் துளையில் இருக்கிறதென்று தெரியாது. மீதிப்பேருக்குத் தெரியும், குனிய விருப்பமில்லை.

ஆய்வுகூடத்தின் தலைவர் பேராசிரியர் சித்திரவேல், காரைதீவுக்காரர். பழைய மோட்டார்சைக்கிளில் வருவார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே பாதி வேலையை முடித்துவிடுவார். நான் மதித்த ஒரே படித்த மனிதர் அவர்தான். அதையும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஒரு மாணவர் வரைபடம் கொண்டுவந்தால் அவர் பார்க்கமாட்டார். “கவிழ்த்து வைங்க” என்பார். தாள் மேசையில் முகங்குப்புறக் கிடக்கும். எப்படி அளந்தீர்கள், எந்தக் கம்பியை எங்கே தொட்டீர்கள், இடையில் யார் உள்ளே வந்தார் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எல்லாம் கேட்ட பிறகுதான் தாளைத் திருப்புவார். திருப்பியதும் ஒரே கேள்வி: “இது வேற எதால வரும்?” பதில் இல்லாவிட்டால் மாணவர் தாளை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். எங்கள் அறையில் யாரும் ‘வெற்றி’ என்ற சொல்லைச் சொல்லக்கூடாது. சொன்னவர் செலவில்தான் அன்றைய தேநீர்.

அந்த அறைக்குள் வந்தவள் ரிஸ்மியா. மருதமுனைப் பிள்ளை. வாப்பா வயல்வட்டையில் நெல் செய்கிறவர். கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டு, பீடத்தில் தற்காலிக விரிவுரையாளராகவும் இருந்தாள். வெளிநாட்டு மாநாடு ஒன்றில் ஒரு கட்டுரையாவது ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைக் கையளிக்கலாம். பட்டம் வந்தால்தான் நிரந்தரப் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். பதவி ஒன்று காலியாகவும் இருந்தது. அவளுக்கு எல்லாமே அந்த ஒரு கட்டுரையில் தொங்கியது.

அவள் எடுத்துக்கொண்ட வேலையைச் சொல்கிறேன், இது விளங்காமல் பிறகு நடந்தது விளங்காது. வங்கி அட்டையில் இருக்கிறதே ஒரு சின்னச் சிப்பு, அது உள்ளே ஓர் இரகசியத் திறப்பை வைத்துக்கொண்டு செய்திகளை மற்றவர் வாசிக்கமுடியாதபடி குறியாக்கம் செய்யும். வேலை செய்யும்போது மின்சாரம் குடிக்கும். எல்லாக் கணக்குக்கும் ஒரே அளவு குடிக்காது. ஒரு கணக்குக்குக் கொஞ்சம் கூட, ஒன்றுக்குக் கொஞ்சம் குறைய. அந்தக் கூடுதல் குறைவை அளந்தே உள்ளே இருக்கும் திறப்பைக் கண்டுபிடித்துவிடலாம். கதவுக்கு வெளியே நின்று, அடுப்பில் என்ன வேகிறது என்று மணத்தை வைத்துச் சொல்வது போல. வெளிநாட்டுக் குழு ஒன்று, அப்படி மணமே வெளியே வராத ஒரு சிப்பு வடிவமைப்பை வெளியிட்டிருந்தது. மணம் வருகிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் ரிஸ்மியாவின் வேலை.

பார்க்கும் முறை இது. சிப்புக்கு ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பக் கொடுத்து மின்சாரக் கோட்டைப் பதிவது ஒரு கட்டு. ஒவ்வொரு தரமும் வேறு வேறு செய்தி கொடுத்துப் பதிவது இன்னொரு கட்டு. இரண்டு கட்டையும் கணக்குப் போட்டு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் தெரியாவிட்டால் பூட்டு, அதாவது சிப்பின் பாதுகாப்பு, நல்லது. வரைபடத்தில் ஒரு எல்லைக்கோடு உண்டு, அதைத் தாண்டி வித்தியாசம் எழும்பினால் பூட்டு கசிகிறது.

அளக்கும் மேடையைக் கட்டியது நான். சிப்புக்குப் போகும் மின்கம்பியை வெட்டி இடையில் ஒரு சிறு மின்தடையை வைத்தேன். வெளியே ஓடும் அலைகள் உள்ளே வராமல் இருக்க, சிப்பு இருக்கும் முழுப்பலகையையும் பெரிய பிஸ்கட் தகரப்பெட்டிக்குள் போட்டு மூடினேன். கடல் காற்று முனைகளைத் தின்றுவிடும், அதனால் கிழமைக்கு ஒருதரம் எல்லா இணைப்பையும் துடைத்தேன். பட்டணத்து ஆய்வுகூடங்களில் இலட்சக்கணக்கில் கொடுத்து இறக்கும் பெட்டி செய்கிற வேலையை என் தகரப்பெட்டி செய்தது. வந்து பார்த்த பெரியவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் என்னுடையது: அறையின் சட்டம். எங்கள் பக்கத்துக் கரண்ட் போய் வரும்போது ஒரு உதை உதைக்கும். அந்த உதையில், மின்சாரக் கோட்டைப் பதியும் ஒரு நல்ல அலைகாட்டி கருகியதை என் கண்ணால் கண்டவன் நான். அதனால் ஆள் இல்லாத அறையில் எதுவும் ஓடக்கூடாது. நண்பகலில் லுஹர் தொழப் போகும்போது பலகை, அலைகாட்டி, ஏசி எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டிவிட்டுத்தான் போவேன். பேராசிரியருக்கும் அதில் விலக்கு இல்லை.

அந்த வருடம் பேராசிரியருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை. சில மாதம் வரமாட்டார். அந்த இடைவெளியில் ரிஸ்மியாவின் வரைபடம் எல்லைக்கோட்டைத் தாண்டியது. கொஞ்சநஞ்சமல்ல, பனை உயரம். வெளிநாட்டுக்காரரின் பூட்டு கசிகிறது! பிள்ளை தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் மேசைவரை போனாள். கவிழ்த்து வைக்கச் சொல்ல ஆள் இல்லை. பீடாதிபதி வந்தார், தாளைப் பறித்துப் பார்த்தார்.

“வெற்றி!” என்றார்.

“சேர், சித்திரவேல் சேர் ஒருக்கா பாத்தா...”

“அவர் கண் தெளிஞ்சு வாறத்துக்குள்ள மாநாடு முடிஞ்சிரும் மகள். அனுப்புங்க. நான் பொறுப்பு.”

பொறுப்பு என்ற சொல்லை அவர் எவ்வளவு இலேசாகச் சொல்வார் தெரியுமா! கட்டுரை போனது. ஏற்கப்பட்டும் விட்டது. அடுத்த வாரம் பிரதான வீதிச் சந்தியில் பேனர் தொங்கியது: ‘உலகின் பூட்டை உடைத்த மண்ணின் மகள்’. பீடாதிபதியின் படம் ஆள் உயரம். பெண்பிள்ளையின் படம் போடுவது அழகில்லையாம், ரிஸ்மியா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. வேலை செய்தவள் பூ, செய்யாதவர் முகம். எங்கள் ஊர்ப் பேனர்களின் முழு இலக்கணமும் இதுதான்.

அப்போது அந்த வெளிநாட்டுக் குழுவிடமிருந்து மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கட்டுரைப்படி நாங்களும் அளந்தோம், எங்களுக்குக் கசிவு தெரியவில்லை, நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்று விபரமாகச் சொல்லமுடியுமா? பீடாதிபதி கொதித்தார். “பொறாமை! அவங்கட பூட்ட உடைச்சா அப்பிடித்தான் செல்லுவாங்க. பதில் போடாதங்க.” ஆனால் ரிஸ்மியா அந்த மின்னஞ்சலை அழிக்கவில்லை.

பேராசிரியர் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். பேனரை வழியில் பார்த்திருப்பார். உட்கார்ந்தார். “கவிழ்த்து வைங்க” என்றார்.

ரிஸ்மியா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“எல்லா நாளையும் ஒண்டாப் போட்டுத்தானே வரைஞ்சிருக்கீங்க? நாள் நாளாப் பிரிச்சுப் பாத்தீங்களா?”

“இல்ல சேர்.”

“பிரிங்க. நான் இருக்கிறன்.”

பிரித்தாள். கணினி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு போட்டது. எல்லா நாளும் கோடு எல்லையைத் தாண்டியது. ஆனால் சில நாட்களில் மற்ற நாட்களை விட மிகவும் உயரம். அவள் திகதிகளைப் பார்த்தாள், கைத்தொலைபேசியில் நாட்காட்டியைத் திறந்து ஒப்பிட்டாள்.

“என்ன?” என்றார் பேராசிரியர்.

“உயரமா இரிக்கிற எல்லாம் வெள்ளிக்கிழம சேர்.”

வெள்ளிக்கிழமையின் அருளை வைத்து நான் பகிடிக்குச் சொன்னேன்: “வெள்ளிக்கிழமைட பரக்கத்தாக்கும் சேர்.”

யாரும் சிரிக்கவில்லை. “சிப்புக்கு வெள்ளிக்கிழம தெரியாதே” என்றாள் ரிஸ்மியா மெதுவாக.

“சிப்புக்குத் தெரியா” என்றார் பேராசிரியர். “உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். வெள்ளிக்கிழம இந்த அறையில என்ன நடக்குது?”

“காக்கா ஜும்ஆவுக்குப் போவார் சேர். அறையப் பூட்டிட்டுப் போவார். குத்பாப் பிரசங்கம் முடிஞ்சு வரச் சுணங்கும்.”

“மத்த நாள்ல?”

“லுஹருக்கும் பூட்டுவார். ஆனா கெதியா வந்துருவார்.”

“பூட்டுறதுக்கு முதல்?”

“எல்லாத்தையும் நிப்பாட்டுவம். ஏசியையும்.”

“ஒரே செய்திக் கட்ட எப்ப அளப்பீங்க?”

“காலையில. லுஹருக்கு முன்ன முடிச்சிருவன்.”

“மற்றக் கட்டு?”

“லுஹருக்குப் பிறகு சேர்.” சொன்னவள் திரும்பி ஏசியைப் பார்த்தாள்.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் கட்டு குளிர்ந்த அறையில் அளந்தது. இடையில் ஏசி நின்று, எங்கள் ஊர் வெயிலில் பூட்டிய அறை அடுப்பாகிவிடும். தொழுதுவிட்டு வந்து கதவைத் திறந்ததும் இரண்டாம் கட்டு. சூட்டில் சிப்பு குடிக்கும் மின்சாரம் ஒரு மயிரிழை மாறும். வெள்ளிக்கிழமை குத்பா நீளும், அறை இன்னும் வேகும், வித்தியாசம் இன்னும் உயரும். ஆகவே நாங்கள் இவ்வளவு நாளும் அளந்தது சிப்பின் கசிவை அல்ல. லுஹருக்கு முன்னையும் பின்னையும் அளந்திருக்கிறோம்! உலகத்தில் எத்தனையோ ஆய்வுகூடத்தில் எத்தனையோ பிழை நடந்திருக்கும். தொழுகை நேரத்தை வங்கிச் சிப்புக்குள் கண்டுபிடித்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

என் சட்டத்தில் பிழை இல்லை என்பதை இங்கேயே பதிந்துவைக்கிறேன். நிறுத்தச் சொன்னேனே தவிர, இரண்டு கட்டாகப் பிரித்து அளக்கச் சொல்லவில்லை. எங்கிருந்தோ இரவல் எடுத்த கணினி நிரல் அப்படி எழுதப்பட்டிருந்தது. இரண்டு வகைச் செய்தியையும், காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பது போல, மாறி மாறிக் கலந்து கொடுத்து அளக்கவேண்டும். அப்போது சூடு, குளிர், கரண்ட் உதை எது வந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் போய்விடும்.

“நிரல மாத்தி எழுதுங்க” என்றார் பேராசிரியர். பிறகு என் பக்கம் திரும்பி, “காக்கா, இந்தமுறை லுஹருக்கும் ஓடட்டும். நிப்பாட்ட வேணாம்.”

“கரண்ட் உதைச்சா?”

“உதைச்சா நான் பதில் செல்றன்.”

அந்த மனிதர் சொன்னால் அதற்கு எடை உண்டு. அந்த நாட்களில் பள்ளிவாசலில் நின்றபோதும் என் காது ஆய்வுகூடத்தில்தான் இருந்தது. அல்லாஹ் மன்னிப்பானாக. கலந்து அளந்தோம், வெள்ளிக்கிழமைகளையும் சேர்த்து.

முடிவைப் பார்க்க மூன்று பேரும் கூடினோம். எனக்கு அந்தக் கோடு தாண்டவேண்டும் என்று இருந்தது, மறைக்கமாட்டேன். ரிஸ்மியா விசையை அழுத்தினாள். கோடு எல்லைக்குக் கீழே, மாரி முடிந்த களப்பு போலச் சப்பையாகக் கிடந்தது.

“ஒண்டுமில்ல சேர்” என்றாள். “பூட்டு நல்ல பூட்டு.”

பேராசிரியர் தலையை ஆட்டினார். “என்ன செய்யப் போறீங்க?”

“கட்டுரைய வாபஸ் வாங்கப் போறன்.”

“வாங்கினா இந்த வருசம் ஆய்வேடு குடுக்க ஏலா. பதவி போயிரும்.”

“தெரியும் சேர்.”

எப்படியோ மணம் பிடித்து, பீடாதிபதி மூச்சு வாங்க ஓடிவந்தார். கதவைச் சாத்தினார். “மகள், விசர் வேல செய்யாதங்க. யாருக்குத் தெரியும் இது? இந்த நாலு பேருக்கும்தானே? மாநாடு முடியட்டும், பதவிய எடுங்க, மறுகா திருத்தம் எண்டு சின்னதா ஒண்டு அனுப்பலாம்.”

“அந்த ஆக்கள் கேட்டிரிக்காங்க சேர், எப்படி அளந்தீங்க எண்டு. என்ன பதில் எழுதுற?”

“எழுதாம உடுங்க!”

“அவங்கட பூட்டு நல்லது சேர். நான் பிழை எண்டு உலகம் முழுக்கச் செல்லிட்டன்.”

“ஊருல என்ன செல்லுவாங்க? பேனர் போட்டிரிக்கி!”

நான் இடையில் புகுந்தேன். “சேர், அதுல இரிக்கிறது உங்கட படம். அவள்ட இடத்துல பூதானே? பூவுக்கு என்ன வெக்கம்?”

பேராசிரியர் கறுப்புக் கண்ணாடிக்குள்ளே சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. பீடாதிபதி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பீடத்தின் பெயர் கெட்டால் எல்லாருக்கும் விசாரணை வரும் என்று உறுக்கிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும் முன்பே ரிஸ்மியா எழுதத் தொடங்கினாள். மழுப்பல் இல்லை. எங்கள் அளவீடு பிழை, இன்ன காரணத்தால் பிழை, அறையின் சூட்டை அளந்துவிட்டோம், உங்கள் வடிவமைப்பில் கசிவு காணவில்லை. லுஹரையும் ஜும்ஆவையும் கூட விளக்கி எழுதினாள். அதே மின்னஞ்சல் மாநாட்டுக்கும் அந்தக் குழுவுக்கும் போனது.

பிறகு நடந்தவை எல்லாம் நான் எதிர்பார்த்தவைதான். நிரந்தரப் பதவி வேறு ஒருவருக்குப் போனது. அந்த மனிதரின் ஆய்வு எதைப் பற்றியதென்று அவருக்கே சொல்லத் தெரியாது, ஆனால் அவர் எதையும் வாபஸ் வாங்காதவர். நேற்றுவரை வாழ்த்தியவர்கள் முகநூலில், ‘உடைத்தது பூட்டையல்ல, ஊரின் மானத்தை’ என்று எழுதினார்கள். அதை எழுதியவர்களில் ஒருவருக்காவது குறியாக்கம் என்றால் என்னவென்று தெரிந்திருந்தால் நான் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். ரிஸ்மியாவின் வாப்பா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. உழவு இயந்திரத்தில் சந்திக்கு வந்தார், பின்பெட்டியில் ஏறிப் பேனரின் கயிறுகளை வெட்டினார், சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அதில் நெல் காயப்போட்டார்.

ரிஸ்மியா ஆய்வுகூடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். தற்காலிக வேலையும் போய், சம்பளமில்லாமல். என்ன அளப்பதென்று தெரியாமல்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் கூரியரில் ஒரு பொதி வந்தது. அந்த வெளிநாட்டுக் குழு அனுப்பியது. உள்ளே பஞ்சில் பொதிந்த புதிய சிப்புகள், இன்னும் எங்கும் வெளியிடாத வடிவமைப்பு. கூட வந்த கடிதத்தைப் பேராசிரியர் எங்களுக்குத் தமிழில் வாசித்தார். இதை வெளியிடும் முன் வெளியார் யாராவது சோதிக்கவேண்டும். பலர் கசிவு உண்டு என்று சொல்வார்கள், பலர் இல்லை என்று சொல்வார்கள். நீங்கள் எதைச் சொன்னாலும் நாங்கள் அதை வைத்து நடப்போம். ரிஸ்மியாவின் கட்டணம் இவ்வளவு, முடிவு எதுவானாலும் அதை அவர் தன் பெயரில் வெளியிடலாம்.

நான் தகரப்பெட்டியைத் திறந்தேன். மின்கம்பியை வெட்டித் தடையை வைத்தேன். ரிஸ்மியா செய்திகளைக் கலந்து விட்டாள். வெள்ளிக்கிழமையும் ஓடியது, லுஹருக்கும் ஓடியது. வரைபடம் வந்ததும் அவளே அதைக் கவிழ்த்து வைத்தாள். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கேள்வி கேட்டார். நாள் நாளாகப் பிரித்தார்கள், பலகையை மாற்றினார்கள், அலைகாட்டியை மாற்றினார்கள், என் தகரப்பெட்டியைக் கூடக் கழற்றிவிட்டு அளந்தார்கள்.

“இது வேற எதால வரும்?” என்றார் கடைசியில்.

“வேற எதாலயும் வராது சேர்.”

தாளைத் திருப்பினார். கசிந்தது.

ரிஸ்மியா எழுதி அனுப்பினாள். அதை வைத்துத்தான் பிறகு பட்டமும் எடுத்தாள். அது வேறு கதை. அன்றைக்கு அந்தக் குழு அனுப்பிய பதிலை மட்டும் சொல்கிறேன். மறுப்பு இல்லை, எப்படி அளந்தீர்கள் என்ற கேள்வியும் இல்லை. வெளியீட்டை நிறுத்திவிட்டோம், திருத்திக்கொண்டிருக்கிறோம், முடிந்ததும் அடுத்த சிப்பை உங்களுக்குத்தான் அனுப்புவோம் என்று எழுதியிருந்தார்கள்.